காலியாக நடந்தவள்

பட்டை கட்டிக்கொண்டால் களைப்பு தெரியாது என்று எல்லாரும் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. கட்டுகிற இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் தெரியாது. மற்றவருக்கு இரண்டு பேருடையதும் தெரியும்.

ஜோஸ்மி, நீ இப்போது தூங்கியிருப்பாய். இந்த மலைமேல் சிக்னல் கிடையாது. நான் கீழே இறங்கினால்தான் இது உனக்கு வந்து சேரும். இறங்குவேனா என்று தெரியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொல்ல முடியாது. சொல்லப்போவதே அவளைப் பற்றித்தான்.

நீ நாகர்கோவிலிலேயே இருப்பதால் பட்டையைப் பார்த்திருக்க மாட்டாய். மணிக்கட்டில் கட்டுகிற ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். இரண்டு பேர் சோடியாகக் கட்டிக்கொள்ள வேண்டும். உடம்பு நம்மிடம் என்னென்ன கேட்குமோ, களைப்பு, தாகம், பசி, ஒண்ணுக்கு முட்டுவது, எல்லாமே ஒருவரிடமிருந்து எடுக்கப்பட்டு மற்றவருக்குப் போய்விடும். வாங்கிக்கொள்பவர் சுமக்கிறவர். கொடுத்தவர் காலி. இங்கே ஓமனில் முதலில் கட்டட வேலைக்குத்தான் அதைக் கொண்டுவந்தார்கள். சாரத்தில் நிற்கிறவன் காலி. அவனுடைய களைப்பைச் சுமக்க ஏசி அறையில் ஒருவன் உட்கார்ந்திருப்பான். எங்கள் அப்பா அப்படி உட்கார்ந்த ஆள். நாள் முழுக்க நாற்காலியில் இருந்துவிட்டு, செங்கல் சுமந்தவர் மாதிரி வீட்டுக்கு வந்து விழுவார். பட்டையைத் தடை செய்த பிறகு பழையவை சந்தையில் மலிவாகக் கிடைத்தன. மலையேறுகிற பிள்ளைகள் வாங்கிக்கொண்டோம்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் மலைகள் வரிசையாக நிற்கின்றன. மண் கிடையாது, மரம் கிடையாது, கருகின தோசைக்கல் மாதிரி பாறைதான். அரபியில் அவற்றுக்கு வேறு பேர்கள் உண்டு. நாங்கள் வைத்தவை மூக்கன், குண்டான், ரெட்டைச்செவி, மொட்டை, கப்பல். ஐந்து உச்சிகளையும் கீழே இறங்காமல் முகட்டோடு முகடாகத் தொடுவதற்குக் கோர்வை என்று பேர். பாதை கிடையாது. ஆட்டுப்புழுக்கை கிடக்கிற பக்கம் கால் வைக்கலாம், கல்லின் நிறம் வெளிறியிருந்தால் வைக்கக் கூடாது, முள்மரம் இருந்தால் அதற்குக் கீழே மண் பிடிப்பு உண்டு. இதெல்லாம் ரெஜின் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்தது. நான் அரைப்பாவாடை போட்டிருந்த காலத்திலிருந்து அவனுக்குச் சோடி நான்தான்.

இந்த வருஷம் மைனி வந்துவிட்டாள்.

அண்ணன் கல்யாணத்துக்கு நீ வந்திருந்தாயே, பார்த்திருப்பாய். ஆன்சி. திருவட்டாறுப் பக்கம் ரப்பர் தோட்டத்து நிழலில் வளர்ந்தவள். இங்கே வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. முதல் வாரமே அம்மாவிடம் மீன்குழம்புக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுக் கேட்டு அம்மாவை வளைத்துப் போட்டாள். அப்பா யாரிடமும் பேசுகிறவர் இல்லை, அவளிடம் பேசுகிறார். அண்ணனைச் சொல்லவே வேண்டாம். எனக்கு வருஷக்கணக்கில் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் ஒரே சாயங்காலத்தில், படிக்கட்டில் உட்கார்ந்து, அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆட்டுப்புழுக்கையைக் கூட. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அது என்னுடைய புழுக்கை என்று தோன்றியது எனக்கு. நீ சிரிப்பாய், சிரி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

கோர்வைக்கு அவளும் வருவதாகச் சொன்னபோது அண்ணனோடு அவளைச் சோடி போடுவான் என்று பயந்தேன். அதைவிட மோசமாக நடந்தது. இந்த முறை அவன் வழி பார்க்கிறவன், முன்னால் தனியாகப் போக வேண்டும், பட்டை கட்ட மாட்டான். மைனியை என்னோடு சோடி சேர்த்துவிட்டான். என்னை ஓரமாக அழைத்து, “எட்டி பிளெஸி, அவளைக் கொஞ்சம் பாத்துக்கோ, கேட்டியா. புதுசு” என்றான். அவளைப் பார்த்துக்கொள்கிற வேலைக்காரி ஆகிவிட்டேன்.

எங்களோடு இன்னும் இரண்டு சோடிகள், எல்லாம் குடியிருப்புப் பையன்கள்.

ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு உச்சியிலும் சோடிகள் பட்டையோடு பட்டையைத் தொட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். மூக்கனுக்குச் சுமந்தவர் குண்டானுக்குக் காலி. வயதில் சின்னவர் காலியாகத் தொடங்குவார். யாரும் இரண்டு மலைக்கு மேல் தொடர்ந்து காலியாகப் போகக் கூடாது என்று அண்ணன் ஒவ்வொரு வருஷமும் சொல்வான். சுமக்கிறவர் பாவம் என்பதற்காக அந்த விதி என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம்.

மூக்கன் உச்சிக்கு நான் காலியாக ஏறினேன். குண்டானுக்கும் சுமக்கிற முறை எனக்கு வரவில்லை. மூக்கனில் நான் பட்டையை நீட்டியபோதே மைனி கையை இழுத்துக்கொண்டாள். பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இருக்கட்டும் பிளெஸி. நான் இன்னொரு மலை சொமக்கேன். சின்னப் பிள்ளைதானே நீ.”

ஒருவன் “கொடுத்துவச்ச நாத்தனார்” என்றான். இன்னொருவன் தன் அக்காவைச் சொல்லிச் சலித்துக்கொண்டான். மைனியின் முகம் வேர்த்துச் சிவந்திருந்தது, ஆனாலும் சிரித்தாள். எல்லாருக்கும் நல்லவளாக இருக்க அவளுக்கு என்ன ஆசை என்று நினைத்தேன். சும என்று நினைத்தேன். எவ்வளவு சுமப்பாய், பார்க்கலாம்.

குண்டானிலும் அதேதான். கீழே அடுத்த சரிவில் இறங்கி நின்ற அண்ணன், மாத்தியாச்சா என்று கத்திக் கேட்டான். மைனி ஆச்சு என்று கத்தினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொன்னது எனக்காக என்று அவள் நினைத்திருப்பாள். நான் பேசாமல் இருந்தது அவள் முட்டி மடங்கி உட்காருவதைப் பார்க்கத்தான்.

காலியாக நடப்பது எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. கால் இருப்பதே தெரியாது. வெயில் இருக்கும், சுடும், ஆனால் அதனால் ஒன்றும் வேண்டும் என்று தோன்றாது. ரெட்டைச்செவியின் இரண்டு காதுகளுக்கு நடுவே சரளைச் சரிவு ஒன்று உண்டு, ஓரடி வைத்தால் அரையடி வழுக்கும். பையன்கள் நாலு காலில் ஏறினார்கள். நான் ஓடினேன். மேலே போய் நின்று திரும்பிப் பார்த்தேன். மைனி கீழே ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். என் ஓட்டத்தின் மூச்சிரைப்பு முழுவதும் அவளிடம் இருந்தது. அப்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது.

ரெட்டைச்செவி உச்சியில் அண்ணன் எங்களுக்காகக் காத்திருந்தான். ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தை எடுத்தான். கடைசிப் பிடி எப்போதும் எனக்குத்தான் வரும். இந்த முறை அதை மைனியின் உள்ளங்கையில் கொட்டி, கையை மூடிவிட்டான். அவளுடைய தண்ணீர் பாட்டில்கள் காலியாகிவிட்டன என்று அப்போதுதான் கவனித்தான், கொஞ்சம் கோபப்பட்டான். என் பையில் பாட்டில்கள் முழுசாக இருந்தன. நான் எதையும் குடித்திருக்கவில்லை, தோன்றவேயில்லை.

நான் இரண்டு பாட்டிலை எடுத்து மைனியிடம் நீட்டினேன். இரக்கத்தில் இல்லை. அண்ணன் பார்க்கட்டும், யார் நல்லவள் என்று பார்க்கட்டும்.

“மைனிக்குத் தண்ணி தீந்துபோச்சா? இந்தாருங்க. எனக்கு இதெல்லாம் பழக்கம்.”

அண்ணன் என் தலையைத் தட்டி, நல்ல பிள்ளை என்றான். பல மாதத்துக்குப் பிறகு கேட்ட வார்த்தை. அதற்காக மூன்றாவது பாட்டிலையும் கொடுத்தேன். குண்டானிலேயே மாற்றியாயிற்று என்று நம்பி அவன் முன்னால் கிளம்பிவிட்டான், அங்கேயும் நாங்கள் பட்டையைத் தொடவில்லை.

மொட்டைக்குப் போகிற முகடு கத்தி முதுகு மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பள்ளம். அதில் நான் அண்ணனுக்கு அடுத்து நடந்தேன், பையன்கள் பின்னால், மைனி எல்லாருக்கும் கடைசியில். பின்னாலிருந்து என் பேரைக் கூப்பிடுவது கேட்டது. முதலில் மெதுவாக, பிறகு சத்தமாக. நில்லு என்றாள், நில்லு பிளெஸி என்றாள். கெஞ்சுகிறாள் என்று நினைத்தேன். மாற்றிக்கொள்ளக் கேட்கிறாள், தோற்றுவிட்டாள். நான் வேகத்தைக் கூட்டினேன். நான் கூட்டக் கூட்ட அவளுக்கு இன்னும் கஷ்டமாகும் என்று தெரிந்துதான் கூட்டினேன்.

அவள் ஓடி வந்தாள், ஜோஸ்மி. தோட்டத்து நிழலில் வளர்ந்தவள், இரண்டு உடம்பின் களைப்போடு, அந்தக் கத்தி முதுகின்மேல். பையன்களைத் தாண்டி வந்து என் பையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். அவள் உதடு வெடித்திருந்தது. பேச்சு வரவில்லை, கையால் என் வாயைக் காட்டினாள். பிறகு காற்றாகச் சொன்னாள்.

“அஞ்சு பாட்டிலு குடிச்சேன். வயிறு முட்டி நிக்குது. ஆனாலும் தண்ணி தவிக்குது, பிள்ளே. அது என் தவிப்பு இல்ல. நீ காலையிலேர்ந்து குடிச்சியா?”

நான் யோசித்தேன். கிளம்பும்போது ஒரு டம்ளர் சாயா.

அண்ணன் திரும்பி வந்தான். என் கன்னத்தைத் தொட்டான், புறங்கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தான். கிள்ளின இடம் கிள்ளினபடியே நின்றது. எத்தனை மலை காலியாக வந்தாய் என்று கேட்டான். மைனிதான் பதில் சொன்னாள். அவன் அவளைத்தான் திட்டுவான் என்று காத்திருந்தேன், அந்த நேரத்திலும். அவன் உட்கார்ந்துவிட்டான்.

“அந்த விதி யாருக்குன்னு நெனச்சீங்க? சொமக்குறவங்களுக்கா? சொமக்குறவங்களுக்குத் தவிச்சா குடிப்பாங்க, முடியலன்னா உக்காருவாங்க. காலியா போறவங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாது. உடம்பு கெடந்து கத்தும், காதுல விழாது.”

ஒரு பையன், அப்படியென்றால் உங்கள் அப்பா ஏன் அவ்வளவு கஷ்டப்பட்டார் என்று கேட்டான்.

“அப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே. இன்னிக்கும் திடமாத்தான் இருக்காரு. அவரு யாருக்குச் சொமந்தாரோ அந்த ஆளு எங்கே? ஒரு மத்தியானம் அப்பாவுக்குப் பயங்கரமாத் தவிச்சிருக்கு. மணி அடிச்சுப் பாத்திருக்காரு, எவனும் வரல. கொஞ்ச நேரத்துல டப்புன்னு தவிப்பு நின்னுட்டு. ஆளு தண்ணி குடிச்சிட்டான்னு அப்பா சந்தோஷப்பட்டிருக்காரு. சாயங்காலந்தான் சொன்னாங்க.”

எங்கள் வீட்டில் அதை யாரும் என்னிடம் சொன்னதில்லை. மைனி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, அப்பாவே சொல்லியிருக்கிறார். பதினாறு வருஷம் மகளாக இருந்த எனக்குச் சொல்லவில்லை, இரண்டு மாத மருமகளுக்குச் சொல்லியிருக்கிறார். நாக்கு ஒட்டிப்போய் உட்கார்ந்திருந்த அந்த நிலையிலும் என் வயிறு எரிந்தது.

உடனே மாற்றிவிட வேண்டும் என்றான் அண்ணன். மைனி கையை மார்போடு அணைத்துக்கொண்டாள். ஒரே அடியாக எல்லாம் என்மேல் விழுந்தால் நான் மயங்கிவிடுவேன், மயங்கினவளுக்குத் தண்ணீர் புகட்ட முடியாது என்றாள். அதைவிட முக்கியமான ஒன்றும் சொன்னாள். பட்டை தன்னிடம் இருக்கிறவரை என் உடம்பு எப்படி இருக்கிறது என்று தனக்குத் தெரியும். கழற்றிவிட்டு நான் மயங்கியும் போனால் யாருக்கும் தெரியாது. அண்ணன் கொஞ்ச நேரம் அவளையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. பிறகு சரி என்றான்.

மீட்புக் குழுவுக்கு அண்ணன் தன் சாட்டிலைட் கருவியில் சேதி அனுப்பியிருக்கிறான். இருட்டில் இந்த முகட்டில் ஹெலிகாப்டர் இறக்க முடியாதாம், விடிந்த பிறகுதான். எல்லார் பாட்டிலிலும் மிச்சம் இருந்ததை ஒன்றாக ஊற்றி, உப்பும் சர்க்கரையும் கலந்தார்கள். மைனி அதை மடியில் வைத்துக்கொண்டு மூடியில் ஊற்றி ஊற்றி எனக்குக் கொடுத்தாள். எனக்கு வேண்டும் என்றே தோன்றவில்லை, மருந்து மாதிரி விழுங்கினேன். அவள் கண் பாட்டிலை விட்டு நகரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். ஒரு மடக்குக் குடியுங்கள் என்றேன்.

“நான் குடிச்சா என் வயிறுதான் நெறையும். நீ குடி. நீ குடிச்சாத்தான் எனக்கு அடங்கும்.”

முதல் முறை பாறைக்குப் பின்னால் போய் வந்தபோது பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் கொஞ்சம்தான் வந்தது. போக வேண்டும் என்று எனக்குத் தோன்றிப் போகவில்லை, அண்ணன் போய்ப் பார் என்றதால் போனேன். நிறத்தைச் சொன்னேன். அவன் இன்னொரு மூடி ஊற்றச் சொன்னான். அதற்குப் பிறகு இவ்வளவு நேரமாக ஒன்றுமே இல்லை.

இப்போது பையன்கள் தூங்குகிறார்கள். அண்ணன் முகட்டின் அந்தப் பக்கம் விளக்கோடு உட்கார்ந்திருக்கிறான். குளிர்கிறது, குளிர் தெரிகிறது, அவ்வளவுதான். மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். அதுதான் பயம், ஜோஸ்மி. செத்துக்கொண்டிருந்தாலும் நான் நன்றாகத்தான் இருப்பேன். என் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மைனியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. புருவம் சுருங்கியிருக்கிறது, உதட்டை நக்குகிறாள், கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுகிறாள். அந்த முனகல் என்னுடையது. அவள் முனகுகிறவரை நான் இருக்கிறேன்.

அவளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. இதைச் சொன்னால் நீ என்னைப் பிசாசு என்பாய். நாளைக்கு நான் பிழைத்தால் எல்லாரும் அவளால் பிழைத்தேன் என்பார்கள், அது உண்மையாகவும் இருக்கும். அந்த உண்மையோடு ஒரே வீட்டில் எப்படி இருப்பேன்?

நிறுத்துகிறேன். அவள் முனகல் நின்றுவிட்டது.

முகம் தளர்ந்துவிட்டது. புருவம் விரிந்துவிட்டது. தூங்கினாளா, இல்லை அப்பாவுக்கு நடந்த மாதிரியா? தவிப்பு டப்பென்று நின்றதா? என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன், அடிக்கிறது. ஆனால் என்னை நான் எப்படி நம்புவது? அண்ணனைக் கூப்பிட வாய் வரவில்லை. மைனியின் தோளைப் பிடித்து உலுக்கினேன். மைனி, மைனி, எனக்கு எப்படி இருக்கு, சொல்லுங்க மைனி.

இப்போது மறுபடியும் எழுதுகிறேன். நடுவில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். எதையோ உள்ளுக்குள் தேடுகிற மாதிரி கிடந்தாள். நான் அழுதுகொண்டிருந்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து, தொடையை இறுக்கிக்கொண்டு, சிரிக்க ஆரம்பித்தாள். வெடித்த உதட்டில் ரத்தம் வந்தது, ஆனாலும் சிரித்தாள்.

“எழும்புட்டி. உனக்கு ஒண்ணுக்கு முட்டுது. அங்க எங்கேயும் போகாண்டாம், அந்தப் பாறைக்குப் பின்னால போ. சீக்கிரம் போ, எனக்குத் தாங்கல.”

போனேன். அவள் விளக்கைப் பிடித்துக்கொண்டு வந்து திரும்பி நின்றாள். நிறைய வந்தது. தேன் நிறம், சாயா இல்லை. நான் முடிப்பதற்குள்ளேயே அவள் பெருமூச்சு விட்டாள், நிம்மதியாக, தானே போய்விட்டு வந்தவள் மாதிரி. அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவன் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டான். பிறகு என்னை.

பாட்டிலில் கடைசியாக இருந்த மூடித் தண்ணீரை நான் குடித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, ஆ, என்றாள்.

நான் பிழைத்துக்கொள்வேன் போலிருக்கிறது, ஜோஸ்மி. என் உடம்பு அந்தச் சேதியையும் முதலில் அவளுக்குத்தான் சொன்னது.